மூன்று தூண்டில்

அது இரண்டாம் பாகம் என்று எங்களுக்குத் தெரியாது.
முதல் பாகம் எந்தக் கடலில் கிடந்ததோ.
கப்பலில் சமையல்காரரான வியாகுலப்பன் மாமா
யோக்கஹாமாவில் ஒரு பழைய சாமான் கடையில்
கூடையோடு வாங்கிய கேசட்டுகளில்
இது மட்டும் மஞ்சள்.
நாகர்கோவிலில் எடுத்த டிவி கேமில்
செருகி, உருவி, ஊதி, மறுபடி செருகினால்
குளச்சலில் ஒரு ராஜ்யம் கண் விழிக்கும்.

முழுக்க ஜப்பான் எழுத்து.
பேர் கேட்டது. உருவம் பார்த்துப் பொறுக்கினோம்.
எனக்கு முடிச்சு விழுந்த கயிறு.
டெல்பினுக்கு நங்கூரம்.
ரெஜிஸ் தூண்டிலை எடுத்தான்,
ஒன்றல்ல, வரிசையாக மூன்று.
"ஒண்ணுல கிட்டாட்டா அடுத்ததுல கிட்டும்லே."

ராஜா ஏதோ கேட்பார்.
மேலே ஒரு சொல், கீழே ஒரு சொல்.
மூன்று வாரம் கீழே உள்ளதையே அமுக்கினோம்.
மூன்று வாரமும் அவர்
முகம் சுளிக்காமல் அதையே கேட்டார்.

கோட்டைக்கு வெளியே, மலையடியில் ஒரு கல்.
முன்னால் நின்று பொத்தானை அமுக்கினால்
மூன்று வரி ஓடும், மணி அடிக்கும்,
உயிர் நிரம்பும்.
நாங்கள் அதற்கு 'பைப்' என்று பேர் வைத்தோம்.
"உயிரு ஒம்பதுதான் கெடக்கு, பைப்புக்கு ஓடு மக்கா!"
எழுதியிருந்ததை யார் பார்த்தார்.
கடற்கரையில் டச்சுக்காரன் தோற்றதற்கு நட்ட தூணிலும்
முதுகு சாய்த்துக் கடலைதான் தின்றோம்.

இரண்டாயிரத்து நாலு, கிறிஸ்துமஸ் ராத்திரி.
எங்கள் வீட்டுப் புல்க்கூட்டில் சீரியல் பல்பு
விட்டு விட்டு எரிந்தது.
ஒற்றைக்கண் ஆந்தையிடம் ஆறு தடவை தோற்று
உயிர் மூன்றோடு பைப்பு வரை வந்த ரெஜிஸ்
குடிக்காமல், பக்கத்தில் நின்றபடியே
மூன்றாவது இடத்தில் சேமித்தான்.
"அம்மை விளிக்கா. காலத்த குடிச்சுக்கிடலாம்."

காலையைப் பற்றிக் குளச்சலில்
யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்வதில்லை.

எங்கள் வீடு மேட்டில் இருந்தது. கேசட்டும்.
சில நாள் அதைப் போட்டு அந்த வரியை மட்டும் பார்ப்பேன்:
மூன்று தூண்டில், உயிர் மூன்று.
அணைத்துவிடுவேன்.

உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது,
அதுதான் எல்லாரையும் ஞாபகம் வைத்திருக்கிறது என்றான்
மார்த்தாண்டத்தில் மொபைல் பார்க்கும் ஷிஜு.
மாற்றலாம்; மாற்றுகிற நேரத்தில் எல்லாம் போகும்.
அப்படியே இருக்கட்டும் என்றேன்.
ஒரு ஆனி மாத மழையில், கரண்ட் வந்த பிறகு பார்த்தால்
மூன்று வரியும் காலி.

இப்போது அதைப் புதுக்கி வெளியிட்டிருக்கிறார்கள்.
புல் அசைகிறதாம், ஆந்தைக்கு நிழல் விழுகிறதாம்.
ஷார்ஜாவிலிருந்து டெல்பின் விளித்தாள்.
"நம்ம பைப்புல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாடி?"
இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கி
மூச்சு விட்டு விட்டு வாசித்தாள்:

முதல் பயணம் போனவன் இங்கே கிடக்கிறான்.
தாகத்தோடு வருகிறவர்களே,
அவன் பங்கையும் குடித்துவிட்டுப் போங்கள்.

முதல் பாகத்து ஆளாம்.
இத்தனை நாளும் அவன் குழிமாடத்தில்
குடம் வைத்து வரிசை நின்றிருக்கிறோம்.
இதைப் பார்த்துத்தான் பிறகு வந்த எத்தனையோ விளையாட்டில்
வழியோரம் ஒரு கல்லை நட்டார்களாம்.
அவள் சொல்லிக்கொண்டே போனாள்.
நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

ராத்திரி நானும் இறக்கினேன்.
பேர் கேட்டது. இங்கிலீஷ் இருந்தது.
ஜப்பானுக்கு மாற்றித் தேடினேன்.
தூண்டில், தூண்டில், தூண்டில்.
அதை 'ஷி' என்று படிக்க வேண்டுமாம்.
ஷி ஷி ஷி.
கோழி விரட்டுகிற சத்தம்.
சிரித்துவிட்டேன், தனியாக, அந்த நேரத்தில்.

ராஜா வந்தார். இப்போது புரிகிறது கேள்வி:
"புறப்படச் சம்மதமா?"

கீழே உள்ளதை அமுக்கினேன்.
முகம் சுளிக்காமல் மறுபடி கேட்டார்.
கீழே உள்ளதை அமுக்கினேன்.